கதவைத் திறப்பதற்கு முன்: டெல்டா வீடுகளும் கொள்ளைக் கும்பல்களும்

2021 ஜனவரி 27, சீர்காழி. ரயில்வே ரோட்டில் ஒரு நகை வியாபாரியின் வீடு. காலை ஆறு மணி வாக்கில் கதவைத் தட்டும் சத்தம் கேட்டு வீட்டுக்காரர் திறந்தார். வந்தவர்கள் அவருடைய மனைவியையும் மகனையும் வெட்டிக் கொன்றார்கள். அவரும் மருமகளும் காயத்தோடு பிழைத்தார்கள். கும்பல் கிலோக்கணக்கில் நகையை அள்ளிக்கொண்டு, போகிற போக்கில் சிசிடிவி பதிவாகும் ஹார்ட் டிஸ்க்கையும் கழற்றிக்கொண்டு, அந்த வீட்டுக் காரிலேயே கிளம்பிப் போனது. பிறகு காரைப் போட்டுவிட்டு எருக்கூர் பக்கம் வயலில் இறங்கியவர்களை ஊர்க்காரர்கள் பார்த்துவிட்டுப் போலீசுக்குச் சொன்னார்கள். அன்றைக்கே பிடிபட்டார்கள். ஒருவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்துப்போனார்.

மயிலாடுதுறை தனி மாவட்டமாகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த வாரம் முழுக்க டெல்டாவில் கிரில் கேட், கேமரா, நாய் என்றே பேச்சு. ஆனால் நடந்ததை நிதானமாகப் பார்த்தால் வேறு சில விஷயங்கள் தெரியும். கதவு உடையவில்லை, உள்ளேயிருந்து திறக்கப்பட்டது. கேமரா இருந்தது, பதிவு போய்விட்டது. கும்பலைச் சிக்கவைத்தது வயலில் நின்ற ஆட்களின் கண். வீட்டுப் பாதுகாப்புக்குப் பணம் செலவழிக்கும்போது இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிச் செலவு மிச்சம்.

முதலில், திருடன் வேறு, இந்தக் கும்பல் வேறு. பூட்டிய வீட்டைத் தேடி வருகிறவனுக்கு ஆள் இருந்தாலே பயம். விளக்கு எரிந்தால், யாராவது இருமினால் அடுத்த தெருவுக்குப் போய்விடுவான். ஆள் இருக்கும் வீட்டுக்கு வருகிற கும்பலுக்கோ ஆள்தான் சாவி. பீரோ சாவி எங்கே, நகை எந்த அறையில், அடகுக் கடையில் எவ்வளவு, கையில் எவ்வளவு என்று சொல்ல வீட்டில் யாராவது இருந்தாக வேண்டும். அதனால் ‘வீட்டில் ஆள் இருக்கிறார்கள்’ என்று காட்டும் வழக்கமான உபாயங்கள், வாசலில் செருப்பைப் போட்டு வைப்பது, விளக்கை எரியவிடுவது எல்லாம் இவர்களிடம் செல்லாது. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 310-ஆவது பிரிவு அதைக் கூட்டுக் கொள்ளை என்று தனியாகவே எடுத்துத் தண்டிக்கிறது. கொலையும் சேர்ந்தால் மரண தண்டனை வரை போகும்.

இந்தக் கும்பல்கள் எந்த வீட்டைத் தேர்ந்தெடுக்கின்றன? 1990-களின் நடுவிலிருந்து 2005 வரை தமிழ்நாட்டை ஆட்டிவைத்த பவாரியா கும்பல் லாரியில் வந்தது. நெடுஞ்சாலையை ஒட்டிய, அக்கம்பக்கம் அதிகமில்லாத வீடுகளைப் பார்த்து வைத்துக்கொண்டு, இரவில் இறங்கி, தூங்குகிறவர்களைத் தாக்கியது. 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டி சட்டமன்ற உறுப்பினர் சுதர்சனம் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான், போலீஸ் அதிகாரி எஸ்.ஆர். ஜாங்கிட் தலைமையில் தனிப்படை வடமாநிலங்களுக்குப் போய் அவர்களைப் பிடித்தது. அண்மையில் கொங்குப் பகுதி: 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்துத் தோட்டத்து வீட்டில் வயதான தம்பதியும் மகனும், 2025-இல் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தோட்டத்தில் தனியாக இருந்த முதிய தம்பதியும் கொல்லப்பட்டார்கள். எங்கே பார்த்தாலும் இதே சங்கதிதான். தனித்து நிற்கும் வீடு, வயதானவர்கள், வெளியே தெரிந்த நகை, கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் அடுத்த வீடு.

டெல்டாவில் இந்த ஆபத்து ஒரு காலத்தில் குறைவாக இருந்ததற்குக் காரணம் வீடு கட்டிய விதம். வீட்டுக்கு வீடு சுவர் ஒன்று. இந்த வீட்டுக் கூடத்தில் பாத்திரம் விழுந்தால் அந்த வீட்டு ரேழியில் கேட்கும். திண்ணையில் யாராவது படுத்திருப்பார்கள், கோடையில் தெருவே வாசலில்தான் தூங்கும். அந்த வீட்டுக்குப் பலவீனமான இடம் இரண்டு: வானம் பார்த்த முற்றம், கொல்லைப்புறம். முற்றத்துக்கு மேலே கம்பி போட்டார்கள். வாசற்கதவுக்குக் கணையமரம் இருந்தது. இரண்டு பக்கச் சுவரிலும் குழி வெட்டி, ஆள் கை கனத்துக்கு ஒரு கட்டையைக் கதவுக்குக் குறுக்கே தள்ளிவிடுவார்கள். வெளியே நாலு பேர் தோள் கொடுத்தாலும் அசையாது. ஊருக்கென்று காவலும் இருந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்று அதற்காகவே ஒரு வரி வருகிறது.

அந்தக் காவல் முறையைப் பிரிட்டிஷ்காரர்கள் ஒழித்தது மட்டுமில்லை, குற்றப்பரம்பரைச் சட்டம் என்று ஒன்றை 1871-இல் கொண்டுவந்து, 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டி, காவல் காத்தவர்களையும் சேர்த்துச் சாதி சாதியாகக் குற்றவாளி என்று முத்திரை குத்தினார்கள். 1947-இல் இங்கே அது ரத்தாவதற்குள் எத்தனையோ பேர் இரவில் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டியிருந்தது. இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு, பின்னால் வருகிறேன்.

இன்றைய நிலைமை வேறு. பழைய தெருவில் பத்து வீட்டுக்கு நான்கு பூட்டிக் கிடக்கின்றன; பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ துபாயிலோ. இன்னொரு பக்கம், விக்கிரவாண்டி – தஞ்சாவூர் நான்குவழிச் சாலை மாதிரி புதிய சாலைகளும் புறவழிச்சாலைகளும் வந்த இடமெல்லாம் வயல்கள் ‘நகர்’ ஆகிவிட்டன. நாற்பது மனை போட்டிருப்பார்கள், ஐந்து வீடு எழும்பியிருக்கும், நடுவில் கருவேலம். ஓய்வுபெற்ற வாத்தியாரும் மனைவியும் காற்றோட்டமாக இருக்கட்டும் என்று அங்கே போய் வீடு கட்டுகிறார்கள். சாலையிலிருந்து இரண்டு நிமிடத்தில் இறங்கலாம், இரண்டு நிமிடத்தில் ஏறிப் போய்விடலாம். கொங்குத் தோட்டத்து வீட்டின் தனிமையை நாமே மனைப்பிரிவு என்ற பெயரில் விலை கொடுத்து வாங்கிக்கொண்டோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, அந்த மாதிரி வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்? வீடு கோட்டையாக வேண்டியதில்லை. கும்பல் உள்ளே வர ஐந்து பத்து நிமிடம் தாமதமானால் போதும்; அந்த நேரத்தில் வெளியே ஒருவருக்காவது தெரிந்தால் போதும். தாமதம், தகவல், இரண்டும் சேர்ந்தால்தான் பயன். பூட்டு மட்டும் இருந்து கேட்க ஆளில்லாவிட்டால் அவர்கள் நிதானமாக உடைப்பார்கள்.

கதவைப் பாருங்கள். முன்வாசலுக்குத் தேக்கில் கஜலட்சுமி செதுக்கி லட்சக்கணக்கில் செலவு செய்திருப்போம். தாழ்ப்பாளைப் பிடித்து நிற்பது என்னவோ அரை அங்குல ஸ்க்ரூ நான்கு. ஒரு உதை, ஸ்க்ரூ மரத்தோடு பெயர்ந்து வந்துவிடும். ஆசாரியைக் கூப்பிட்டு, தாழ்ப்பாளுக்கும் கீலுக்கும் நிலைச்சட்டத்தின் உள்வரை இறங்குகிற நீள ஸ்க்ரூவாக மாற்றச் சொல்லுங்கள். ஒரு நாள் கூலிகூட ஆகாது. கணையமரத்தின் வேலையை இன்று குறுக்கே போடும் ஓர் இரும்புப் பட்டை செய்யும், எந்த வெல்டிங் பட்டறையிலும் அடித்துத் தருவார்கள். அப்புறம் கொல்லைக் கதவு. அது பிளைவுட்டிலோ பிளாஸ்டிக்கிலோ இருக்கும், யாரும் பார்க்காத பக்கம் என்பதால் மலிவாகப் போட்டிருப்போம். யாரும் பார்க்காத பக்கம் என்பதால்தான் அவர்களுக்கும் அது பிடிக்கும். மொட்டைமாடிக் கதவும் இப்படியே. வெளிப்படிக்கட்டு வைத்துக் கட்டிவிட்டு மாடிக் கதவுக்கு ஒரு கொக்கியோடு விட்ட வீடுகள் எத்தனை!

கொல்லையில் கிடக்கும் கடப்பாரை, மண்வெட்டி, ஏணி எல்லாவற்றையும் இரவில் உள்ளே எடுத்து வைத்துப் பூட்டுங்கள். நம் வீட்டுக் கடப்பாரையையே எடுத்துக் கதவை உடைக்கிறவனும் உண்டு.

சீர்காழி சொல்லும் பாடம் மரத்தைப் பற்றியதில்லை, பழக்கத்தைப் பற்றியது. தட்டினால் திறப்பது நம் ஊர் மரியாதை. யார் என்று கேட்டுவிட்டு வெளியே நிற்கவைப்பது நமக்குக் கூச்சம். வாசற்கதவுக்கு வெளியே ஒரு கிரில் கேட் இருந்து, அது எப்போதும் பூட்டியே இருந்தால் இந்தக் கூச்சத்துக்கு இடமில்லை. மரக்கதவைத் திறந்து முகத்தைப் பார்த்துப் பேசலாம், கம்பி நடுவில் இருக்கும். தெரியாதவர் என்றால் பக்கத்து ஜன்னல் வழியாகப் பேச்சை முடித்துவிடலாம். கேஸ், மீட்டர் கணக்கு, கணக்கெடுப்பு, நகைக்குப் பாலிஷ், ‘வருமான வரி ஆபீஸிலிருந்து’ என்று யார் வந்தாலும் ஒன்றுதான்: அடையாள அட்டையைக் கம்பிக்கு வெளியே வைத்துக் காட்டட்டும், நீங்கள் போன் போட்டு விசாரிக்கும் வரை நிற்கட்டும். உண்மையான அலுவலர் கோபித்துக்கொள்ள மாட்டார், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

நேரமும் முக்கியம். விடியற்காலை ஐந்து, ஐந்தரைக்கு வாசல் தெளித்துக் கோலம் போட நாமே கதவைத் திறந்து வைத்துவிட்டுக் குனிந்து நிற்கிறோம். மார்கழியில் பனி வேறு, எதிர்வீடு தெரியாது. கோலத்தை விட வேண்டாம். வெளியே வந்ததும் கிரில் கேட்டைப் பின்னால் பூட்டிக்கொண்டு சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். இரவில் இன்னொரு தந்திரம் உண்டு. மீட்டர் பெட்டியும் மெயின் சுவிட்சும் பெரும்பாலும் வாசல் சுவரில்தான். மெயினை வெளியிலிருந்து அணைத்துவிட்டால், ‘என்னடா இது, கரண்ட் போச்சே’ என்று வீட்டுக்காரர் தானே கதவைத் திறந்து வருவார். கொல்லைக் குழாயைத் திறந்துவிடுவதும் இதே வேலைக்குத்தான். கரண்ட் போனால் முதலில் ஜன்னல் வழியாக எதிர்வீட்டைப் பாருங்கள். அங்கே விளக்கு எரிகிறதென்றால் வெளியே போகாதீர்கள். மீட்டர் பெட்டிக்கு ஒரு பூட்டுப் போடலாமே என்றால், தீப்பிடித்தால் அணைக்க வேண்டுமே. அதனால் உள்ளே ஒரு தனி மெயின் சுவிட்சும் வைத்துக்கொள்வது நல்லது.

வீட்டுக்குள் ஓர் அறையைத் தேர்ந்தெடுத்து, அதன் கதவுக்கு உள்பக்கம் நல்ல தாழ்ப்பாள் போடுங்கள். படுக்கையில் கிடக்கும் பெரியவர் இருந்தால் அவர் அறைதான் அந்த அறை. ஆபத்து நேரத்தில் அவரைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. இரவில் சார்ஜ் போட்ட போன், டார்ச், மாற்றுச் சாவி அங்கே. எல்லாரும் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு 112 அல்லது 100. தமிழ்நாடு போலீசின் ‘காவல் உதவி’ செயலியில் அவசரப் பொத்தானை அமுக்கினால் நீங்கள் இருக்கும் இடமும் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடும்; பேச முடியாத நிலைமைக்கு அது உதவும். அதைப் பெரியவர்கள் போனில் ஏற்றிக் கொடுத்து, ஒரு தடவை காட்டியும் கொடுக்க வேண்டும்.

ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டார்கள் என்றால் கேட்டதைக் கொடுத்துவிடுங்கள். சாவி, தாலிச்சரடு, எதுவானாலும். முகமூடியை இழுக்காதீர்கள். அதைவிட முக்கியம், குரலை வைத்து ஆளைத் தெரிந்துகொண்டாலும், ‘டேய், நீ இன்னாரு மகன்தானே’ என்று வாய்விட்டுவிடாதீர்கள். நகைக்காக வந்தவன் அந்த ஒரு வார்த்தைக்காகக் கொலைகாரன் ஆகிவிடுவான். மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு போலீசிடம் சொல்லலாம்.

தகவல் என்று சொன்னேன். தெருவுக்கு ஒரு வாட்ஸாப் குழு இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறது. காலை வணக்கத்துக்கு அது சரி. இரவு இரண்டு மணிக்கு எல்லாப் போனும் சைலன்ட்டில் தூங்கும். அதனால் ஆபத்து என்றால் போன் அழைப்புதான். யார் யாரைக் கூப்பிடுவது என்று முன்பே பேசி வைத்திருக்க வேண்டும், அந்த எண்களுக்கு மட்டும் சைலன்ட்டிலும் மணி அடிக்கும்படி போனில் வைக்க முடியும். மொட்டைமாடியில் சைரன் ஒன்று வைத்து அதன் பொத்தானைப் படுக்கையறையில் வைப்பது கேமராவைவிட மலிவு. சைரன் கேட்டால் என்ன செய்வது என்பதும் தெருவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்: எல்லா வீட்டிலும் விளக்கைப் போடுவது, சத்தம் கொடுப்பது, போலீசைக் கூப்பிடுவது, வண்டி நின்றால் நம்பரைக் குறிப்பது. தனியாக ஒருவர் கம்போடு ஓடிப் போவது இந்தப் பட்டியலில் இல்லை. ஆயுதத்தோடு நிற்கும் கும்பலுக்கு முன்னால் அவர் இன்னொரு பலி.

ஊருக்குப் போகும்போது ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போவது பலருக்கும் தெரியும். ரோந்துக்காரர் வந்து கையெழுத்துப் போடும் பட்டா புத்தகத்தைத் தெரு முனையில் வைக்கும்படி கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. பத்துப் பேர் சேர்ந்து மனுக் கொடுத்தால் தனியாளாகப் போவதைவிட நடக்கும். பெற்றோரை ஊரில் விட்டுவிட்டு வெளிநாட்டில் இருப்பவர்களும் இதைச் செய்யலாம். மாதம் ஒருமுறை வீடியோ அழைப்பில் கேமரா கோணத்தைச் சரிபார்ப்பதோடு நிறுத்தாமல், பக்கத்து வீட்டுக்காரரோடும் பேசுங்கள். அம்மா கதவைத் திறக்காவிட்டால் போய்ப் பார்க்கப் போவது அவர்தான்.

கேமரா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பதிவுப் பெட்டியை டிவிக்குக் கீழே வைத்தால் சீர்காழியில் நடந்தது நடக்கும். அதைப் பரணில் மறைத்து வைக்க வேண்டும், அல்லது பதிவு இணையம் வழியாக வெளியிலும் சேர வேண்டும். இன்வெர்ட்டர் இணைப்பும் கட்டாயம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு வேதாரண்யம் பக்கமெல்லாம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த இருட்டில் எந்தக் கேமராவும் வேலை செய்யவில்லை. தெருவில் சேர்ந்து படுத்த ஆட்கள்தான் காவல். நாய் நல்ல காவல்தான், ராஜபாளையம் வேண்டியதில்லை, சோறு வைத்த நாட்டு நாய் போதும். அது குரைத்தால் எழுந்து பார்க்கிறவர் வேண்டும், அவ்வளவுதான்.

நகை விஷயத்தில் நாமே விளம்பரம் செய்கிறோம். கல்யாணத்துக்கு ஊர் முனையிலிருந்து ஃபிளெக்ஸ், சீர்வரிசைத் தட்டு ஊர்வலம், நாள், முகூர்த்தம், மண்டபம் எல்லாம் கொட்டை எழுத்தில். அந்த வாரம் எந்த வீட்டில் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போடப் பெரிய மூளை வேண்டாம். முன்பு அறுவடை முடிந்தால் நெல் விற்ற காசும் வீட்டில் இருக்கும். இப்போது நேரடிக் கொள்முதல் நிலையப் பணம் வங்கிக் கணக்குக்குப் போவதால் அந்தப் பயம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. நகைக்கும் அதே வழிதான். தினமும் போடுவதைத் தவிர மற்றது லாக்கரில் இருக்கட்டும். ரிசர்வ் வங்கியின் 2022 ஜனவரி முதலான விதிப்படி, கொள்ளையிலோ தீயிலோ வங்கி ஊழியரின் மோசடியிலோ லாக்கர் பொருள் போனால் ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரை வங்கி பொறுப்பு. வாடகை 2,000 ரூபாய் என்றால் 2 லட்சம். இருபது சவரன் வைத்தவருக்கு அது காணாது. நகைக்குத் தனியாகக் காப்பீடு எடுப்பது அவசியம்.

திருப்பி அடிக்கலாமா என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. 41-ஆவது பிரிவின்படி, கொள்ளைக்கும், சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீட்டை உடைத்து நுழைவதற்கும் எதிராகப் பொருளைக் காக்கும் உரிமை, நிலைமை அப்படி இருந்தால், எதிராளியின் உயிரைப் போக்கும் அளவுக்குக்கூட நீளும். ஆனால் 37-ஆவது பிரிவு அதற்கு எல்லை போடுகிறது: தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் போகக் கூடாது, போலீஸ் உதவி பெற அவகாசம் இருந்தால் உரிமை இல்லை. கும்பல் ஓடிவிட்டது, ஒருவன் மட்டும் சிக்கிக் கம்பத்தில் கட்டியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு விழும் ஒவ்வொரு அடியும் தற்காப்பு ஆகாது, குற்றம்.

வேலியில் கரண்ட் விடுவதும் அப்படியே. எலிக்கும் பன்றிக்கும் வயலில் திருட்டுக் கரண்ட் விட்டு மனிதர்கள் செத்த கதை டெல்டாவில் ஊருக்கு ஊர் இருக்கிறது. வீட்டு மதிலில் அதைச் செய்தால் முதலில் சாகப்போவது பந்து எடுக்க ஏறிய பையன்தான், ஜெயிலுக்குப் போகப்போவது நீங்கள்.

முத்திரை குத்திய கதையை எதற்குச் சொன்னேன் என்றால், சீர்காழியில் பிடிபட்டவர்கள் வடமாநிலத்தவர்கள் என்பதால், அதற்குப் பிறகு இந்தி பேசுகிற எல்லார் மேலும் சந்தேகம் விழுந்தது. இன்று தஞ்சாவூர், திருவாரூர் வயல்களில் நடவு நடுவதே பல இடங்களில் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். வெளியூர் முகமெல்லாம் கும்பல் என்று பார்த்தால், உண்மையில் வீட்டைப் பற்றித் துப்புக் கொடுக்கக்கூடிய உள்ளூர் ஆளைக் கோட்டைவிடுவோம். 2018 மே மாதம் போளூர் அருகே, குழந்தை கடத்த வந்தவர் என்ற வாட்ஸாப் வதந்தியை நம்பி ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். அவர் குலதெய்வக் கோயிலைத் தேடி வந்தவர். இனம், சாதி, மொழி, பிறந்த ஊர் போன்ற காரணத்துக்காக ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கொன்றால் அதே நியாய சன்ஹிதாவின் 103-ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவில் ஆயுள் அல்லது மரண தண்டனை. புதிதாக வந்த தொழிலாளர்கள் யார், எந்த மேஸ்திரியிடம் என்று ஊராட்சியில் ஒரு குறிப்பு இருந்தால் சந்தேகத்துக்கும் வதந்திக்கும் சேர்த்தே மருந்து.

எல்லாம் மீறி நடந்துவிட்டால், கைரேகைப் பிரிவு வரும் வரை பீரோவைத் தொடாதீர்கள், சிதறிய துணியை மடித்து வைக்காதீர்கள். மிளகாய்ப்பொடி தூவியிருந்தால் அதையும் கூட்டாதீர்கள்; மோப்பநாயை ஏமாற்றத் தூவியதுதான், இருந்தாலும் அதில் காலடி இருக்கும். எந்த ஸ்டேஷன் எல்லை என்று அலைக்கழித்தால், 2024 ஜூலையிலிருந்து அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவின்படி எந்த ஸ்டேஷனிலும் புகார் பதிய வேண்டும், முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். நகை மீட்கப்பட்டால் அது நேராக உங்கள் கைக்கு வராது, நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே மனுப் போட்டு வாங்கும்போது இது என்னுடையதுதான் என்று காட்ட வேண்டும். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லா நகையையும் எடையோடு படம் எடுத்து, பில்லையும் சேர்த்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பி வையுங்கள். பில்லே இல்லாத பாட்டி காலத்து அட்டிகைக்கு, அதைப் போட்டுக்கொண்டு மணையில் உட்கார்ந்திருக்கும் கல்யாணப் படத்தையும் கூடவே சேர்த்துக்கொள்ளலாம்.